சொருகினால் போதும்

அந்த அக்காவிடம் யாரும் எதையும் கேட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கேட்க வாயெடுப்பதற்குள் அது வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே என்று நாம் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருப்போம். எதிர்ப்பக்கத்திலிருந்து அவருடைய நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டில் மேசைமேல் நகர்ந்து வரும். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். நன்றி சொல்லக்கூட இடம் கொடுக்கமாட்டார்.

தேனியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கிற கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. ஒரு பக்கம் ஹெட்போன், இன்னொரு பக்கம் லேப்டாப்பில் சொருகுகிற வயர். ஒரு அறக்கட்டளை அதை வாங்கித் தன் நர்சுகளிடம் கொடுத்திருந்தது. அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். நான் அந்த நர்சுகளுக்குக் கருவியைப் பழக்கிக் கொடுக்கிற ஆள். பெட்டியைச் சொருகியதும் லேப்டாப் அதை இன்னதென்று கண்டுகொள்வதற்கு ‘டிரைவர்’ என்று ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், அதை எழுதியவர் அக்கா. பெங்களூரில் பெரிய கம்பெனியில் அதே வேலை பார்த்தவர். கணவருக்கு உத்தமபாளையத்தில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்து, தினமும் பஸ்ஸில் தேனிக்கு வந்துபோனார்.

அந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவரிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ‘டிரைவர் எழுதுறேன்’ என்று இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எந்த பஸ்ஸுக்கு எந்த டிரைவர் என்று டிப்போவில் எழுதிப் போடுகிற அம்மா என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அக்காவுக்கு ஜன்னலோர இருக்கை. ஒரு வாரம் கழித்து, தன்னோடு வருகிற டிரைவருக்குக் குமுளி வழித்தடம் ஒத்துவரவில்லை, பார்த்துப் போடுங்கள் என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் வந்து இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அந்த டிரைவருக்கு மலை ஏறினால் தலைசுற்றுகிறதாம், யாரிடம் சொன்னால் நடக்கும் என்று எங்களைக் கேட்டார்.

எங்கள் முதலாளி மருத்துவக் கருவிகளை வாங்கி விற்றுப் பழகியவர். செய்து விற்பது அவருக்குப் புதிது. அக்கா மாதக்கணக்கில் ஒரே வேலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், வயரைச் சொருகுவதற்கு இத்தனை நாளா என்று கேட்டார். அக்கா அவரை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, நீங்களே சொருகுங்கள் என்றார். அவர் சொருகினார். அந்த இமைப்பொழுதில் உள்ளே நடந்ததை அக்கா நிதானமாகச் சொன்னார்.

சொருகியதும் அந்தத் துளையில் மின்சாரம் மாறுகிறது. ஏதோ வந்திருக்கிறது என்பது மட்டும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். வந்ததற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, உன்னைச் செய்தது யார், நீ எந்த மாடல், உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறது. பெட்டிக்குள் நாம் எழுதி வைத்திருக்கிற பதிலைப் பெட்டி சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற டிரைவர்களில் துழாவுகிறது. இந்த எண்ணோடு வருகிற கருவியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிற டிரைவர் எதுவோ அதை எழுப்புகிறது. அந்த டிரைவர் வந்து பார்த்து, இது என்னுடையதுதான் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும், அல்லது இல்லை என்று விலகிப்போக வேண்டும். எதுவும் ஏற்காவிட்டால் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி வந்து நிற்கும்.

“இது அம்புட்டும் சொருகுன ஆளு கையை எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிரணும் சார்” என்றார் அக்கா. “அவுக ஒண்ணையும் அமுக்கக் கூடாது, ஒண்ணையும் வாசிக்கக் கூடாது. சொருகுனா போதும்.”

முதலாளிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அதன் பிறகு அவர் நாள் கணக்குக் கேட்கவில்லை.

அக்காவின் மேசையில் எப்போதும் பழைய லேப்டாப்புகள் வரிசையாக இருக்கும். யாராவது தூக்கிப்போடப் போகிறேன் என்றால் போதும், போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். பள்ளிக்கூடங்களில் எந்தக் காலத்து லேப்டாப் இருக்கும் என்று சொல்ல முடியாது, எல்லாவற்றிலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். பெட்டியை ஒவ்வொன்றிலும் சொருகுவார், பிடுங்குவார், பாதி சொருகுவார், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உருவுவார். சொருகினால் ஏறுமுகமாக ஒரு மணியோசை, பிடுங்கினால் இறங்குமுகமாக ஒன்று. நாள் முழுக்க அந்த ஓசைதான். கீழே டயர் கடையில் ஒருவர் அதை விசிலில் அடிக்கப் பழகிவிட்டார்.

ஒருமுறை அக்கா எழுதிய அந்த டிரைவர் எங்களை ஒரு தலைமையாசிரியர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அவருடைய பள்ளியில் நாங்கள் கருவியைப் பழக்கிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே, அதே லேப்டாப்பில் சொருகியிருந்த, ஆசிரியர்கள் விரல் வைத்து வருகையைப் பதிகிற மெஷின் வேலை செய்யவில்லை. பார்த்தால், அந்த மெஷினுக்குள் இருந்த சிப்பும் எங்கள் பெட்டிக்குள் இருந்த சிப்பும் ஒரே வகை. சிப் செய்தவர் கொடுத்த எண்ணை அவர்களும் மாற்றவில்லை, நாங்களும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் கேட்டபோது இரண்டும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கின்றன. எங்கள் டிரைவர் ஓடிப்போய் அந்த மெஷினைத் தன்னுடையது என்று பிடித்துவைத்துக்கொண்டது. தலைமையாசிரியர் கொதித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர்கள் முகத்தில் அப்படி ஒன்றும் வருத்தம் தெரியவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்து, எண்ணைப் பார்த்ததும் ஏற்றுக்கொள்ளாமல் பெட்டியின் பெயரையும் கேட்டு, பெயர் வேறென்றால் விலகிப்போகும்படி மாற்றினார். கிளம்பும்போது தலைமையாசிரியர் அக்காவுக்குக் காபி வரவழைத்தார். காபி கொண்டுவந்த அம்மாவின் காலில் கட்டு இருந்ததை அக்கா பார்த்துவிட்டார். டம்ளர்களை அவரே கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

ஜெயமங்கலத்தில் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோதும் அப்படித்தான். விருந்தாளியாக வந்தவர், பந்தி நடக்கிற இடத்தில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் வருகிறேன் வருகிறேன் என்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனின் டிரைவர் வெளியே டயரில் சாய்ந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்த பிறகே தான் உட்கார்ந்தார். என் அம்மா இன்றைக்கும் அவரை ‘வேன்காரருக்கு எலை போட்ட புள்ள’ என்றுதான் சொல்கிறார்.

அவருடைய கணவர் அதிகம் பேசாதவர். அக்காவை விட்டுவிட்டுப் போக ஒருமுறை அலுவலகம் வந்தார். நாங்கள் அக்காவைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். அவர் சிரித்தபடி, “வீட்டுலயும் இப்பிடித்தான். கொழம்புல உப்பு பத்தலன்னு சொல்றதுக்குக்கூட இவ எனக்கு ஒரு வாய்ப்புக் குடுத்ததில்ல” என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் கணவர் போன பிறகு ஒரே லேப்டாப்பில் பெட்டியைத் திரும்பத் திரும்பச் சொருகிப் பிடுங்கிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

எங்கள் கருவியைப் பயன்படுத்திய நர்சுகளில் சின்னமனூர்ப் பக்கத்தவர் ஒருவர் மூத்தவர். முன்பு வேறொரு கருவியைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் சின்னதாக ஏதாவது பிசகினால் திரை நடுவில் இங்கிலீஷ் எழுத்தோடு ஒரு பெட்டி வந்து நிற்குமாம். பிள்ளைகள் வரிசையில் நிற்க, டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். “அந்தப் பொட்டி வந்துச்சுன்னா எனக்குக் கை நடுங்கிரும்” என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டார். எங்கள் கருவியில் அப்படி ஒரு பெட்டிகூட வராமல் பார்த்துக்கொண்டார். வயர் கொஞ்சம் அசைந்து ஒரு நொடி தொடர்பு விட்டுப்போனாலும் சோதனை நிற்காது. கருவி திரும்பக் கிடைத்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும். நர்சுக்கு ஒன்றும் தெரியவே தெரியாது. சொருகும்போதும் பிடுங்கும்போதும் வருகிற அந்த மணியோசையையும் நிறுத்திவிட்டார். ஹெட்போனில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பதுதான் சோதனை; மணியையும் சோதனைச் சத்தம் என்று நினைத்துப் பிள்ளை கையைத் தூக்கிவிடுமே. அந்த நர்ஸ் எங்கள் கருவியைப் பற்றிப் போகிற இடமெல்லாம் நல்லபடியாகச் சொன்னார்.

அவர்தான் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், போன வருடம் எங்கள் கருவியில் இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று வந்த பெண்பிள்ளை. இப்போது தேனியில் காது டாக்டரிடம் காட்டியதில், வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து நர்சைக் கேட்டிருக்கிறார்.

ஒரு வருடத்தில் காது போயிருக்கலாம் என்றார் முதலாளி. எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. டாக்டர் பிறவியிலிருந்தே இருக்கலாம் என்று சொன்னாராமே என்று அக்கா கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் அதே அறை, அதே பெஞ்சு. நர்சைப் பார்த்து அக்கா, நீங்கள் எப்போதும் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள், நாங்கள் இருப்பதை மறந்துவிடுங்கள் என்றார். பிள்ளைக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன். லேப்டாப்புக்கு முதுகு காட்டி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இடது காதில் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய சத்தங்கள் வந்தன. கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். பிறகு வலது காது. நடுவில் ஜன்னல் வழியாக வெயில் திரையில் விழுந்திருக்கிறது. நர்ஸ் எப்போதும்போல லேப்டாப்பைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துத் திருப்பியிருக்கிறார்.

அடுத்த சத்தம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் புரியவில்லை. காதுக்குள்ளிருந்து இல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆனால் கேட்டது. கேட்டதால் கையைத் தூக்கினேன்.

“அப்பிடியே இருங்க தம்பி” என்றார் அக்கா.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்த இழுப்பில் அது அரைவாசி வெளியே வந்திருந்தது. பெட்டி இருப்பதாகவே லேப்டாப்புக்கு இப்போது தெரியாது. ஹெட்போன் போய்விட்டதென்றால் சத்தத்தைத் தன்னுடைய சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொள்வது லேப்டாப்பின் வழக்கம். அது அதைச் செய்திருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேரும் சோதனையை நிறுத்தாமல் ஓடியிருக்கிறது. திரையில் எதுவும் வரவில்லை, மணியும் அடிக்கவில்லை. என் வலது காது நன்றாக இருப்பதாகப் பச்சை நிறத்தில் பதிவாகியிருந்தது. அந்தப் பிள்ளை தன் இடது காதால் இதைத்தான் கேட்டிருக்கிறாள்.

நர்ஸ் அழ ஆரம்பித்தார். சில சமயம் தனக்கும் லேசாகச் சத்தம் கேட்கும் என்றும், ஹெட்போனிலிருந்து கசிகிறது என்று நினைத்ததாகவும் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. கழண்டது யாருக்கும் தெரியாம நாந்தான் பண்ணி வச்சேன்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, வீரபாண்டி தாண்டியபோது, ஒரு நொடிதான் என்று நினைத்துவிட்டேன், அந்த ஒரு நொடியில் சத்தம் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், கைக்குழந்தையோடு கம்பியைப் பிடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார். அக்கா அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை.

முதலாளி மோசமானவர் அல்ல. ஆனால் பயந்துவிட்டார். டிரைவரையும் சாஃப்ட்வேரையும் சரிசெய்து எல்லா லேப்டாப்புக்கும் அனுப்பிவிடுவோம், அந்தப் பிள்ளையின் வைத்தியத்துக்கு நாம் உதவி செய்வோம், அறக்கட்டளைக்குச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்றார். இனிமேல் நடக்காது அல்லவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இனிமேல் நடக்காது, நடந்ததற்கு என்ன செய்வது என்று அக்கா கேட்டார்.

“எந்தப் பிள்ளைக்கு எப்பக் கழண்டுச்சுன்னு நமக்குத் தெரியாது சார். நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்புன அத்தனை பிள்ளைகளையும் திரும்பப் பாக்கணும்.”

அவர் குரல் உயரவே இல்லை. முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, அவர் முன்னாலேயே அறக்கட்டளை டாக்டருக்குப் போன் போட்டார். நடந்ததை எதுவும் குறைக்காமல் சொன்னார். டாக்டர் தேனிக்கே வந்துவிட்டார். நீண்ட நேரம் கேள்வி கேட்டார். சில கேள்விகள் கடுமையாக இருந்தன. கடைசியில், எங்கள் ஆட்களே நர்சுகளோடு போய் எல்லாப் பிள்ளைகளையும் திரும்பச் சோதிக்க வேண்டும், அதுவரை அறக்கட்டளை புதிதாக ஒரு கருவியும் வாங்காது என்று முடிவானது. முதலாளி அக்காவோடு பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தது அவர்தான்.

அதற்கு முன்பே, அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். போகாதீர்கள் என்றார் முதலாளி. நானும் தயங்கினேன். போனோம்.

கம்பத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், திராட்சைப் பந்தலுக்கு நடுவே வீடு. பிள்ளையின் அம்மா பந்தலுக்குக் கீழே பழம் வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் கத்தரிக்கோலைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் தப்பு, நான் செய்த மெஷின், உங்கள் பிள்ளைக்குக் கேட்காத சத்தத்தைக் கேட்டதாக அது எழுதிவிட்டது என்றார்.

அந்த அம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

“கூப்புட்டா திரும்ப மாட்டா. நானும் காதுதான் கேக்கலையோன்னு நெனச்சேன். நீங்கதான் நல்லா இருக்குன்னு சீட்டுக் குடுத்தீக. மிசினே சொல்லிருச்சு, அப்ப இவ வேணும்னுதான் பண்றான்னு…” என்று நிறுத்தினார். பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அடிச்சுப்புட்டேன். ஒரு தடவ இல்ல.”

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நாலாம் வகுப்பு. புதியவர்களைப் பார்த்ததும் அம்மாவின் வலது கைப்பக்கமாகப் போய், அம்மா தனக்கு இடதுபுறம் வரும்படி ஒட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அது அப்போது தெரியவில்லை. பிறகு அக்கா சொன்னார். வகுப்பிலும் அவள் வலது ஓரச் சுவரை ஒட்டி உட்காருகிறாளாம். அப்படி உட்கார்ந்தால் எல்லோரும் கேட்கிற காதின் பக்கம் இருப்பார்கள். யாரிடமும் சொல்லாமல் அவளாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. “ஆத்தா, இவுகளுக்கு வணக்கம் சொல்லு” என்று அம்மா சொன்னார். அவள் சொன்னாள்.

பிறகு வந்த மாதங்களில் அக்கா எங்களோடு ஊர் ஊராக அலைந்தார். சாஃப்ட்வேரை ஏற்கனவே மாற்றிவிட்டிருந்தார். இப்போது வயர் இம்மி அசைந்து தொடர்பு விட்டாலும் சோதனை அங்கேயே நின்றுவிடும். திரை முழுக்கச் சிவப்பாகி, ‘கருவி கழன்றுவிட்டது. வயரை அழுத்திச் சொருகுங்கள். இந்தக் காதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்’ என்று பெரிய எழுத்தில் தமிழில் வரும். அந்த வார்த்தைகளை அவர் தனியாக எழுதவில்லை. சின்னமனூர் நர்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்படிச் சொன்னால் பயமாக இருக்குமா, இப்படிச் சொன்னால் புரியுமா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். முதல்முறை திரை சிவந்தபோது அந்த நர்ஸ் நெஞ்சில் கை வைத்துவிட்டார். பிறகு வாசித்தார், வயரை அழுத்தினார், சோதனையைத் தொடர்ந்தார். கை நடுங்கவில்லை.

அந்தச் சுற்றில் இன்னொரு பிள்ளையும் அகப்பட்டான். மலையடிவாரத்து ஊரில், வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற பையன். அவனுடைய அப்பாவிடமும் அக்காவே போய்ச் சொன்னார். அவர் கெட்ட வார்த்தை பேசினார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். அவனைத் தேனிக்குக் கூட்டிப்போக மறுநாள் வண்டியோடு அவர் வாசலில் நின்றதும் அக்காதான்.

அந்த நாட்களில் அவர் எங்களிடமும் மாறியிருந்தார். ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “வேணுமா தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பார். எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். வேண்டாம் அக்கா என்று ஒருமுறை நான் சொல்லிவிட்டேன். அவர் மூடியைத் திருகிவைத்துவிட்டார். எனக்கு வேண்டியிருந்தது. இந்தக் கேட்கிற வழக்கம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வேலை நெருக்குதலில் பாட்டில் பழையபடி தானாக நகர ஆரம்பித்தது. நாங்கள் நிம்மதியானோம். சில வருடங்கள் கழித்து அவர் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கம்பெனியையும் வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் போன் செய்வதுண்டு. நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பல சமயம் அவருடைய போன் முந்திக்கொண்டு வந்துவிடும்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சாயங்காலம். மறுசோதனையின் கடைசிப் பள்ளிக்கூடம் கம்பத்துப் பக்கம். வேலை முடிந்து, அந்தத் திராட்சைத் தோட்டத்துப் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோம் என்று அக்கா சொன்னார். அவள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதையில் பிடித்தோம். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தாள். அவளோடு சேர்ந்து நடந்தோம். இரண்டு பக்கமும் பந்தல். வண்டித்தடம் ஒடுக்கமாக இருந்தது. அக்கா கொஞ்சம் பின்னால் வந்தார்.

நான் பேச்சு சுவாரசியத்தில் அவளுடைய வலது பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அறிவு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும்தான். இத்தனை மாதம் அந்த ஒரு காதுக்காக அலைந்துவிட்டு, எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் நடந்தேன். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. முன்னால் பார்த்து நடந்தாள்.

பின்னாலிருந்து என் சட்டை முதுகில் அக்காவின் விரல்கள் படுவதை உணர்ந்தேன். என்னை இழுத்து அந்தப் பக்கம் விடப்போகிறார் என்று தெரிந்தது. அதற்குள் பிள்ளை நின்றாள். என் உதடு அசைந்ததை ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள் போல. அண்ணாந்து என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிக்கிற முகம். என் சட்டையில் பட்ட விரல்கள் அப்படியே நின்றன. இழுக்கவில்லை.

“அண்ணே, எனக்கு இந்தக் காது கேக்காது. அங்கிட்டு வந்து பேசுங்க” என்றாள்.

அக்காவின் விரல்கள் என் சட்டையை விட்டன. நான் அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், திரும்பவும் கேட்டேன். கணக்கு என்றாள். கணக்கில் எது என்றேன். வகுத்தல் என்றாள். பிறகு வீடு வரும்வரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு வழிவிட்டுப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.